கால் தளர்ந்தோர் நடை பெற்ற வரலாறு

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டியில் நிறைவேறிய உடன்படிக்கை பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயரால் எழுதப்பட்டதென்பதை நம் மாணவர் எல்லாரும் அறிவர். மூன்றாண்டு கழியுமுன் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியையும், அது அடக்கப்பட்ட கொடுமையையும் அவர்கள் பாடநூலிற் படிக்கின்றனர். அம்மன்னரின் பேரர் ஒருவர் இளமையிலேயே கால் தளரத் தொடங்கி, நாளடைவில் நடக்கவியலாதவராய் இறந்தாரென்பதைப் பாடநூல் கூறுவதில்லை. கூறவேண்டிய கடப்பாடும் அதற்கில்லை. ஆயினும் அப்பேரர் எழுதிவைத்த நாட்குறிப்பு வைத்திய வரலாற்றில் ஓர் அரிய ஆவணமாகும். அதிலிருந்து தொடங்கும் கதை பதுளைக்கு அணித்தான தோட்டமொன்றின் லயத்து வாயில்வரை வந்து நிற்பதை யான் கண்டமையாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எழுதுதற்கு உடனடிக் காரணம் பிறிதொன்றும் உண்டு. வெளிநாட்டில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு எழுதிய கடிதத்தில், கால் தளர்ந்தோரை நடக்கச் செய்யும் ரோபோ இயந்திரமொன்றைத் தாம் வாழும் நகரின் வைத்தியசாலையிற் பார்த்ததாகவும், நண்பர் பலர் கூடிப் பொருள் சேர்த்து அத்தகையதொன்றைப் பதுளைக்கு அளித்தால் என்னவென்றும் கேட்டிருந்தார். வரலாற்றாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் எண்ணினேன். பின்னர் அவ்வியந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அவர் கேள்விக்கு விடை அவ்வரலாற்றினுள்ளேயே கிடக்கின்றதென்பது தெளிவாயிற்று.

மேற்கூறிய பேரரின் பெயர் ஒகஸ்டஸ் டெஸ்டே. சசெக்ஸ் கோமகனின் மைந்தராகிய அவர் 1794இற் பிறந்தார். பெற்றோரின் திருமணம் அரச குடும்பத் திருமணச் சட்டத்துக்கு மாறானதென விலக்கப்பட்டமையால் அரச உரிமை எதுவும் அவரை அடையவில்லை. 1822ஆம் ஆண்டு திசெம்பரில், அன்புக்குரிய உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்கின்பின் அவர் கண் பார்வை திடீரென மங்கிற்று, மருந்தின்றியே மீண்டது. சில ஆண்டுகளின்பின் பொருள்கள் இரட்டையாய்த் தோன்றின. பின்னர் கால்கள் வலுவிழந்தன. அதன்பின் சிறிது தேறினார். மீண்டும் தளர்ந்தார். இவ்வாறு வந்தும் போயும், ஒவ்வொரு முறையும் சிறிது வலிமையைக் கவர்ந்துகொண்டு போன நோயை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறித்துவைத்தார். கைத்தடி வந்தது; பின்னர் உருளை பூட்டிய நாற்காலி வந்தது; 1848இல் இறந்தார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அந்நாட்குறிப்பு ஆராயப்பட்டு அச்சேறியபோதே அவருக்கு வாய்த்தது எந்நோயென்று உலகம் அறிந்தது. வைத்தியம் எழுதாத வரலாற்றை நோயாளி எழுதினார் என்க.

அந்நோயை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என வழங்குகின்றனர். மின்கம்பியைச் சுற்றியுள்ள உறைபோல நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்பு மிக்க உறையொன்று உண்டு. உடலைக் காக்கவேண்டிய தற்காப்பு ஆற்றலே வழிதவறி மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் அவ்வுறையை ஆங்காங்கே அரித்துவிடுகின்றது. அரித்த இடங்கள் தழும்பேறித் தடிக்கின்றன. கட்டளை மூளையிலிருந்து புறப்பட்டாலும் காலை அடையும்போது பிந்துகின்றது, அல்லது அடையாமலே ஒழிகின்றது. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே இது பெரிதும் பற்றும். ஆடவரைவிடப் பெண்டிரை இரு மடங்குக்குமேற் பற்றும். இறந்தோரின் தண்டுவடத்தில் அத்தழும்புகளைக் கண்டு படம் வரைந்தோர் ஸ்கொட்லாந்தினரான கார்சுவெல்லும் பிரெஞ்சு நாட்டவரான குருவெயியேயும் ஆவர். ஆயினும் உயிரோடிருப்பவரிடம் இது தனியொரு நோயெனப் பிரித்தறிந்து பெயரிட்ட பெருமை பாரிசு நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய சார்க்கோவுக்கே உரியது. அது நிகழ்ந்த ஆண்டு 1868. அதற்கு முந்திய ஆண்டிலேதான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார்.

இந்நாட்டுத் தோட்ட வரலாறு நடையாற் தொடங்கிய வரலாறு. தலைமன்னாரிற் கரையேறி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் போக எஞ்சினோரே கோப்பித் தோட்டங்களை உண்டாக்கினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் புகையிரதமும் இணைந்தபின் அந்நெடுநடை ஒழிந்தது. புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924இல். ஆனால் தோட்டத்துக்குள் நடை ஒழியவில்லை. விடியலிற் பிரட்டுக்களம், பின்னர் மலை, கூடை நிறைந்ததும் கொழுந்து மடுவம், மீண்டும் மலை, மாலையிற் பிள்ளைக் காம்பரா, விறகு, தண்ணீர், லயம். ஆண்டு முழுதும் சரிவில் ஏறியிறங்குவதே அவ்வாழ்க்கை. காலே அங்கு கருவி. கால் தளர்ந்தவள் பேரிலிருந்து நீங்கிவிடுவாள்.

தோட்டத் தொழிலாளரின் உடல்நலம்பற்றிச் சட்டம் இல்லாமலில்லை. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைச் சட்டமும், 1912இல் இயற்றப்பட்ட சட்டங்களும் தோட்டங்களுக்கு வைத்திய வசதி செய்யவேண்டிய பொறுப்பை வகுத்தன. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. இவற்றாற் பல்லாயிரவர் உயிர் தப்பினரென்பதை மறுப்பவன் நன்றி கொன்றவனாவான். எனினும், இம்முயற்சிகளின் உள்ளெண்ணம் என்னவென்று ஆராய்வது வரலாற்று மாணவன் கடன். தொற்றி ஊரையே அழிக்கும் நோய், வேலைநாளைக் குறைக்கும் நோய் ஆகிய இரண்டுமே முதலாளியையும் அரசையும் அசைத்தன. தொற்றாமல், கொல்லாமல், ஒருத்தியை மட்டும் மெல்ல மெல்லக் கட்டிலிற் கிடத்தும் நோய்க்கு அக்கணக்கில் இடமில்லை. அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள்; பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். கோமகன் மைந்தருக்கு நாட்குறிப்பு இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

இனி, தளர்ந்த காலை மீண்டும் நடக்கப் பழக்கலாமென்ற எண்ணம் எவ்வாறு பிறந்ததெனப் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் ஹைடன் என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்த பிரெங்கல் என்பவர், தண்டுவடம் கெட்டுத் தள்ளாடி நடப்போர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பயிற்சி முறை வகுத்தார். தரையிற் கோடு வரைந்து அதன்மேற் பாதம் வைத்தல், காலைக் கண்ணாற் பார்த்து எண்ணியெண்ணி அசைத்தல், அதனைப் பன்முறை மீளச் செய்தல். அவ்வளவே. கருவியென்று சொல்லத்தக்கது ஒரு சுண்ணக்கட்டியே. அம்முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. பின்னர் 1911இல் கிரகாம் பிறவுண் என்னும் ஸ்கொட்லாந்து ஆராய்ச்சியாளர், மூளையின் கட்டளை எட்டாத நிலையிலும் பூனையின் முள்ளந்தண்டு வடம் தானே நடையசைவைத் தோற்றுவிக்குமெனக் காட்டினார். நடை முழுதும் மூளையின் வேலையன்று; தண்டுவடத்துக்கும் நடை 'தெரியும்' என்பது அதன் பொருள். தெரிந்ததை மறந்தால் நினைவூட்டலாமன்றோ? இக்கேள்வியிலிருந்தே பிற்கால இயந்திரங்கள் எல்லாம் பிறந்தன.

உடலின் பாரத்தை மேலிருந்து வாரினால் தாங்கி, ஓடும் பட்டியின்மேல் நோயாளியை நிறுத்தி, கால்களை நடையின் ஒழுங்கில் அசைப்பித்தல் அடுத்த படி. 1980களிலும் 1990களிலும் கனடாவிலும் ஜேர்மனியிலும் இம்முறை வளர்ந்தது. காலால் மிதித்து இயக்கும் சக்கரத்தை ஆங்கிலப் பொறியியலாளர் கியூபிற் 1818இற் சிறைக்கைதிகளைத் தண்டித்தற்கே அமைத்தார். ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட ஆண்டும் அதுவே. வதைக்கப் பிறந்த கருவியின் வழித்தோன்றல் நடை பயிற்றும் கருவியாயிற்று. வரலாறு சில வேளை நல்லதும் செய்யும்.

ஓடும் பட்டி முறையில் இடர் ஒன்றிருந்தது. நோயாளியின் இரு புறமும் இரு இயன்மருத்துவர் குந்தியிருந்து, ஒவ்வோரடிக்கும் காலைத் தூக்கி வைக்கவேண்டும். சிறிது நேரத்துள் நோயாளிக்குமுன் மருத்துவர் களைத்துவிடுவர், முதுகும் நோகும். இவ்வுழைப்பை இயந்திரத்தின்மேல் ஏற்றலாமென்று எண்ணியவருள் பெர்லின் நகரின் ஹெஸ்ஸே ஒருவர். சூரிச்சு நகரின் பல்கிறிஸ்ற் பல்கலைக்கழக வைத்தியசாலையிற் பணியாற்றிய கெரி கொலம்போ மற்றொருவர். பின்னவரின் பெயரைப் படித்தபோது, நம் தலைநகரே இத்துறையில் இறங்கிவிட்டதோவென ஒரு கணம் மயங்கினேன். அவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர். அவரும் கூட்டாளிகளும் அமைத்த பொறியைப் பற்றிய கட்டுரை 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. லொக்கோமற் என்பது அதன் பெயர். நோயாளியின் தொடையையும் காலையும் இரு புறமும் தழுவி நிற்கும் சட்டங்கள். இடுப்பு மூட்டிலும் முழங்கால் மூட்டிலும் மின்னியந்திரங்கள். கீழே ஓடும் பட்டி. மேலே பாரம் தாங்கும் வார். கணினி இவற்றை ஒருங்கியக்க, நூற்றுக்கணக்கான அடிகள் பிசகாமல் நடக்கின்றன. ஆதலால் இப்பொறி நோயாளிக்கு நடை தருவதற்கு மட்டுமன்றி, மருத்துவரின் முதுகைக் காப்பதற்கும் பிறந்ததென்பதை மறவாதிருத்தல் வேண்டும். மருத்துவர் போதிய அளவில் உள்ள நாட்டில் அவருழைப்பைக் குறைக்க வந்த கருவி அது.

நிலத்தில் நடக்கும்படி உடலில் அணியும் பொறிகளின் கால்வழி வேறு. 1890இலேயே உருசிய நாட்டவரான யாகன் நடைக்கும் ஓட்டத்துக்கும் துணைசெய்யும் அமைப்பொன்றுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். பெல்கிறேட் நகரின் வுக்கோபிறற்றோவிச் 1969 முதல் கால் வழங்காதோர்க்கான அணிபொறிகளை அமைத்தார். இஸ்ரேலின் அமிற் கொபர் விபத்தொன்றிற் கையும் காலும் தளர்ந்தபின் ரீவோக் என்னும் பொறியைப் படைத்தார். ஊன்றுகோலைப் பற்றக் கை வேண்டுமாதலால் அவர் தாமே அதனை அணியவியலவில்லை. இவ்வகைப் பொறிகளுள் ஒன்றாகிய எக்சோ, தண்டுவட மரப்பு நோயாளர்க்குப் பயன்படலாமென அமெரிக்க அரசின் அனுமதியை 2022இற் பெற்றது.

பயன் எத்துணை? சுவிற்சர்லாந்தின் வாலென்ஸ் என்னும் சிற்றூரில் பியர் என்பவரும் கூட்டாளிகளும் இந்நோய் முற்றிய 35 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பொறியாலும் மற்றவர்க்கு வழக்கமான முறையாலும் நடை பயிற்றி 2008இல் முடிவை வெளியிட்டனர். பொறியில் நடந்தோர் சிறிது மிகுதியாகத் தேறினர்போலத் தோன்றினும் அவ்வேறுபாடு உறுதியாய்ச் சொல்லத்தக்கதன்று. ஆறு மாதத்தின்பின் பார்த்தபோது இரு பிரிவினரும் பழைய நிலைக்கே திரும்பியிருந்தனர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் 13 பேரைக்கொண்டு நடந்த சிற்றாராய்ச்சியும், 2012இல் சுவிற்சர்லாந்தின் மொன்ரானாவில் நடந்ததும் பொறியின் மேம்பாட்டை நிலைநாட்டவில்லை. இத்தாலியின் பெராறா நகரினர் 72 பேரைக்கொண்டு நடாத்தி 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவற்றினும் விரிவானது. அதிலும் பொறியில் நடந்தோர், இயன்மருத்துவர் துணையோடு நிலத்தில் நடந்தோர் ஆகிய இரு சாராரும் தேறினர், பொறி விஞ்சவில்லை.

இதனைப் பொறிக்கு எதிரான தீர்ப்பெனக் கொள்ளுதல் பிழை. ஒருவராலும் தூக்கி நிறுத்தவியலாத நோயாளிக்கு அதுவே வழியாகலாம். ஆராய்ச்சிகள் காட்டுவது பிறிதொன்று: தேற்றியது பயிற்சி. பல முறை, பல நாள், தக்கவர் கண்காணிப்பில், தன் ஆற்றலின் எல்லைவரை நடந்த பயிற்சி. அதனை நிறுத்தினால் ஈட்டியது ஆறு மாதத்திற் கரைந்துவிடும். பிரெங்கலின் சுண்ணக்கட்டியும் கொலம்போவின் கணினியும் ஒரே உண்மையையே பற்றி நிற்கின்றன.

நம்மவரிடையே இத்துறையின் வரலாறு சிறிதன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்ற மேரி வர்க்கீஸ் 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து இடுப்பின்கீழ் உணர்விழந்தார். அதன்பின் உருளை நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை வைத்தியம் செய்தார். நியூயோர்க்கு சென்று புனர்வாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரையடுத்த பாகாயத்திற் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவர் வேலை அரிய கருவிகளில் தொடங்கவில்லை; நோயாளி வீடு திரும்பியபின் எப்படி உண்பான், எப்படி வாயிற்படி கடப்பான் என்ற கேள்விகளில் தொடங்கிற்று. ஜெய்ப்பூரில் வைத்தியர் சேதியும் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் 1968இல் அமைத்த செயற்கைப் பாதமும் அவ்வாறே. மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிபவனுக்கும் நாற்காலியில் அமர்பவனுக்கும் உரியது. இப்பாதமோ வெறுங்காலுடன் வயலில் இறங்கவும், குந்தியிருக்கவும், சம்மணமிடவும் இடங்கொடுத்தது. 1980களில் அது இலங்கைக்கு வந்து, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் போரில் கால் இழந்தோர்க்குப் பெருந்துணையாயிற்று. அண்மைக் காலத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமர்ந்தவரை எழுந்து நிற்கச் செய்யும் நாற்காலியும், கேரளத்தில் நடைபயிற்றும் ரோபோவும் உருவாகியுள்ளன. ஆகவே கடலுக்கப்பால் ஐரோப்பாவரை செல்லாமலே இவை நமக்கு எட்டும் நாள் தொலைவிலில்லை.

இந்நாட்டிற் புனர்வாழ்வுக்கெனப் பெயர்பெற்ற அரசினர் வைத்தியசாலைகளுள் றாகமையிலுள்ளதும் திகனையிலுள்ளதும் குறிப்பிடத்தக்கன. இரண்டும் ஊவாவுக்கு வெளியே உள்ளன. பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். வாரம் மும்முறை நடை பழகவேண்டிய ஒருத்தி அவ்வழியே போய்வருதல் எங்ஙனம்?

யான் இவ்வாறு கேட்பது கற்பனையன்று. என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாய் பசறை வீதியிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்தெடுத்தவர். முப்பத்தாறு வயதில், மலையிலிருந்து இறங்கும்போது வலக்காற் செருப்புக் கழன்று விழுந்ததை அவர் அறியவில்லை. பின்னால் வந்தவள் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு ஒரு கண் மங்கித் தெளிந்தது. வாதமென்றனர், காற்றுக் கருப்பென்றனர், சோம்பலென்று சொன்னோரும் உளர். நான்கு ஆண்டு கழித்துக் கொழும்பில் காந்தப்படம் எடுத்தபின்னரே நோயின் பெயர் தெரிந்தது. மருந்து ஒருவாறு கிடைக்கின்றது. நடைப் பயிற்சிக்கு நாள் குறித்துக் கொடுத்த வைத்தியசாலையில் நோயாளர் தொகை மிகுதி, இயன்மருத்துவர் தொகை குறைவு. ஒரு மாதத்தில் ஒரு முறை, கால் மணி நேரம். அதற்காக அவர் ஒரு நாட் சம்பளமிழந்த மகனைத் துணைக்கொண்டு இரு பேருந்து மாறிச் செல்லவேண்டும்.

இந்நோயாளரின் நிலையை அளக்க அமெரிக்க வைத்தியர் கேட்ஸ்கி 1955இல் வகுத்து 1983இல் விரித்த அளவுகோல் ஒன்றுண்டு. பூச்சியத்திலிருந்து பத்துவரை செல்லும் அதன் நடுப்பகுதி முற்றிலும் நடையையே அளக்கின்றது. ஒரு பக்கத் துணையோடு 100 மீட்டர் நடப்பவர் ஆறு. துணையிருந்தும் ஐந்து மீட்டருக்குமேல் நடக்கவியலாதவர் ஏழு. அந்த நூறு மீட்டர் வைத்தியசாலையின் சமதரையில் அளக்கப்படுவது. மேற்கூறிய அம்மையார் அவ்வளவையில் ஆறு. ஆனால் அவருடைய லயத்திலிருந்து மலசலகூடத்துக்கு மண்ணில் வெட்டிய பதினேழு படி. வீதிக்கு இறங்க நாற்பத்திரண்டு படி. மழைக்காலத்தில் அவை படியுமல்ல, வழுக்குமரம். வைத்தியசாலைத் தரையில் ஆறாக நிற்பவர் தம் வீட்டு வாயிலில் ஏழாகிவிடுகின்றார். உடலுழைப்பால் இந்நோயாளரின் பார்வை மங்குவதை ஜேர்மன் வைத்தியர் ஊத்தோவ் 1890இலேயே குறித்தார்; வெப்பத்தால் இந்நோயின் தளர்ச்சி மிகுமென்பது பின்னரே தெளிவாயிற்று. உடல் சூடேறினால் நரம்புறை சிதைந்த இடத்திற் கட்டளை மேலும் தடைப்படும். பதுளைப் பள்ளத்தாக்கின் நண்பகல் வெயிலிற் பேருந்துக்கு நின்று, நடைப் பயிற்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் நடக்கும் வலிமையே போய்விடுகின்றது.

வறியவர்க்குச் சுண்ணக்கட்டி, செல்வர்க்குக் கணினிப்பொறி என்று வகுப்பது நீதியோ என எம் ஆசிரியர் அறையிலே நண்பர் ஒருவர் என்னைக் கடிந்தார். கேள்வி கூரியது. தோட்டத்தார்க்கு இது போதும் என்ற சொல்லை நூற்றைம்பது ஆண்டு கேட்டவர்கள் நாம். அச்சொல்லை நானும் சொல்பவனாகேன். பொறி வருமாயின் வரட்டும், பதுளைக்கு வரட்டும். ஆனால் அதன் விலை இலட்சக்கணக்கான டொலர். பேணவும் இயக்கவும் பயின்றவர் வேண்டும். அது நிற்கும் அறைக்கு நோயாளி வந்து சேரவேண்டும். பயின்றவரும் வாகனமும் இல்லாத இடத்தில் அப்பொறி துணிபோர்த்தி நிற்கும். அதே பொருளை வைப்பிலிட்டு, அதன் வருவாயில் ஓரிரு இயன்மருத்துவர்க்கு ஊதியமும் ஒரு வாகனமும் அளித்து, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களுக்கு வாரந்தோறும் அனுப்பினால், இந்நோயாளர் மட்டுமன்றிப் பாரிசவாதத்தால் விழுந்தோரும், மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்தோரும் பயன்பெறுவர். தோட்டப்பகுதியில் இந்நோயாளர் மிகச் சிலரே, பின்னவர் பலர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையுடையோர் உரிமைகளைக் காக்க இயற்றப்பட்டது; அச்சட்டத்தைக் காட்டித் தோட்ட நிருவாகத்திடமும் அரசிடமும் படியையும் பாதையையும் கேட்கும் வேலை நம் பட்டதாரிகளுடையது. அதற்குப் பொறி தேவையில்லை. மனு எழுதத் தெரிந்தாற் போதும்.

அம்மாணவன் இப்போது நகரிற் கடையொன்றில் வேலை செய்கின்றான். சென்ற ஆண்டு விடுமுறையில் அவனும் அயலவர் இருவரும் லயத்திலிருந்து மலசலகூடம்வரை மூங்கிலாற் கைப்பிடி ஒன்று கட்டினர். அம்மையார் அதைப் பற்றி நாளுக்கு ஆறு முறை தாமே போய்வந்தார். இயன்மருத்துவர் சொன்ன பயிற்சியையும் அதன் பக்கத்திலேயே நின்று செய்தார். வடகீழ்ப் பருவமழைக்குப்பின் நான் சென்று பார்த்தபோது மூங்கில் அடியில் உளுத்து, மூன்றாம் படிக்கும் எட்டாம் படிக்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அவ்விடத்தில் மகளின் தோளைப் பற்றி இறங்கினார்.

பழைய மாணவருக்கு நான் எழுதிய விடை நான்கு பக்கம் நீண்டது. அதன் முதல் வரியில், ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் எத்தனை அடி வேண்டுமென்பதை அளந்து எழுதியுள்ளேன்.